சிட்னி வரைக்கும் போய் வந்த துப்பாக்கி

...துப்பாக்கியப் பத்தி கஸ்டம்ஸ்ல ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கலைங்க. அதான் எனக்கு ஆத்தாமையா இருக்குது. சிட்னி வரைக்கும் கப்பல்ல போயி, அங்கேந்து அப்பிடியே திரும்பி வந்திருக்குது. முழுசா அஞ்சு மாசம். இன்னிக்குதான் மெட்ராஸ்ல வாங்கிகினு ரயிலேறினேன். இதோ, என் மடியில இருக்குதே, இந்தப் பொட்டிதான். ஐய, ஏன் தள்ளி ஒக்கார்றீங்க? சுடாதுங்க. குழா உள்ள அடைச்சிருக்கும். பேருக்குத்தான் துப்பாக்கி.

பாத்தா வெள்ளக்காரன் காலத்து சாமான் மாதிரி இருக்கும். தேக்குல பிடி, பித்தளையில மூக்கு. ஆனா வயசு ரெண்டு வருசந்தான். எங்க மாமா வேதாசலம், திருத்தணியில தறிக்காரரு, அரக்கோணத்துல பச்சையப்பன்னு ஒரு லேத்து பட்டறைக்காரர்கிட்ட சொல்லிப் பண்ணி வாங்கனாரு. செவுத்துல மாட்டனா வர்றவங்க பயப்படுவாங்கன்னு ஒரு ஆச. யாரும் பயப்படல. பல்லி ஒண்ணு அதும்பின்னால குடும்பம் நடத்திகினு இருந்துது.

திருவாலங்காட்டு கோயில் பாக்க வந்த ஆஸ்திரேலியாக்காரரு ஒருத்தரு, லுங்கி வாங்க மாமா வூட்டுக்கு வந்தாரு. லுங்கிய உட்டுட்டு செவுத்தையே பாத்துகினு இருக்காரு. எத்தினி வருசத்து சாமான்னு கேட்டாரு. மாமா ரெண்டு வெரலக் காட்டினாரு. இருநூறான்னாரு அவரு. மாமா தலைய ஆட்டப் போறாரு... நான் இங்கிலீசுல சொல்லிட்டேன், இருநூறு இல்ல, ரெண்டு, அரக்கோணம் லேத்துன்னு. நான் பி.ஏ.ங்க. எங்க தெருவுலயே மொத பி.ஏ. அந்த மனுசன் சிரிச்சிட்டாரு. இருக்கட்டும், எனக்கு இதான் வேணும், பார்சல்ல அனுப்புங்கன்னு விலாசம் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. மாமா மூணு நாள் எங்கூட பேசல.

நாலாம் நாள் கூப்ட்டாரு. பார்சல் போயி சேந்துட்டா உன் படிப்புக்கு ஒரு அர்த்தம் இருக்குது, அம்சாவ உனக்கே குடுக்கறேன்னாரு. அம்சா அவரு பொண்ணு. சேரலன்னா, பள்ளிப்பட்டுல கோதண்டபாணின்னு ஒருத்தன் இருக்கான், ரயில்வேல வேல. அவன் வர்ற வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வரான். இன்னிக்கு புதன்.

நான் இன்னா கொற வெச்சேன் சொல்லுங்க? போலீஸ் ஸ்டேசனுக்குப் போயி, இது சுடாதுன்னு ஒரு கடுதாசி கேட்டேன். இன்ஸ்பெக்டரு குழாயில தொடப்பக் குச்சிய உட்டுப் பாத்தாரு. அர அங்குலம் போயி நின்னுடுச்சி. சுடாததுக்கு எதுக்குய்யா கடுதாசின்னாரு. இருந்தா நல்லது சார்னு ஆறு நாள் நடந்தேன். ஏழாம் நாள் என் மூஞ்சியப் பாக்க முடியாம எழுதிக் குடுத்துட்டாரு. தாலுகா ஆபீசுல சீல் வாங்கினேன். பச்சையப்பன்கிட்ட, நாந்தான் செஞ்சேன்னு கையெழுத்து. எல்லாத்துலயும் மூணு காப்பி. கார்பன் வெச்சி இல்லைங்க, கையால.

மெட்ராஸ் பார்சல் ஆபீசுல இத வாங்கி வெச்சவரு அத்தினி காயிதத்தையும் பொறட்டிப் பாத்துட்டு, தம்பி, பொம்ம துப்பாக்கின்னு ஒரு வரி எழுதியிருந்தா போதுமேன்னாரு. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

அப்பறம் ஏன் திரும்பிச்சின்னுதான கேக்கறீங்க? ஆங்... வரேன், வரேன்.

பொட்டிக்கு ஆணி அடிக்கிற அன்னிக்கு எங்க அத்த ஞானம்மா, அம்சாவோட அம்மா, கடல் தாண்டிப் போற சாமான்னு துப்பாக்கிக்கு சந்தனம், குங்குமம் வெச்சி, மலைமேல சாமிகிட்ட வெச்ச எலுமிச்சம்பழத்தயும் பொட்டிக்குள்ள வெச்சிட்டாங்க. எங்க வூட்ல தையல் மிசின் வாங்கனாலும் அப்பிடித்தான். நான் கஸ்டம்ஸ் பாரம் எழுதிகினு இருக்கேன். உள்ளே உள்ள பொருள்கள் அனைத்தையும் குறிப்பிடவும்னு அச்சடிச்சிருக்கான். நான் இன்னா பண்றது? ஒண்ணு, துப்பாக்கி, சுடாதது. ரெண்டு, எலுமிச்சம்பழம், சாமிகிட்ட வெச்சது.

அம்சா பக்கத்துல நின்னுகினு, பழத்த எழுதாத பாவா, அவங்களுக்கு எதுக்குன்னா. எழுதினேன். அப்ப பழத்தயாவது எடுத்துடறேன்னா. அத்த வெச்சத எடுக்கக்கூடாது, பாரத்துல வேற எழுதிட்டேன்னு நாந்தான் உடல.

அந்த ஊருக்குள்ள பழம், செடி, வெத எதுவும் வரக்கூடாதுன்னு சிட்னி கஸ்டம்ஸ்காரன் திருப்பிட்டான். பாரத்துல துப்பாக்கிக்கு நேரா சரின்னு ஒரு டிக் போட்டிருக்கான். பழத்துக்கு நேரா செவப்பு முத்திர, இத்தினி அகலம். பழமும் உள்ளதான் இருக்குது, காஞ்சி கொட்டப்பாக்கு மாதிரி.

மாமாவுக்கு தெரிஞ்சா அத்தைக்கும் திட்டு, எனக்கும் திட்டு. வெள்ளிக்கெழம அந்த ரயில்வேக்காரனுக்கு தாம்பூலமே மாத்திடுவாரு. அதனால ஒரே ஒரு பொய் சொல்லலாம்னு இருக்கேன். தொறமுகத்துல ஸ்ட்ரைக்கு, கப்பல்லேந்து எறக்காமயே திருப்பிட்டாங்க, இன்னொரு அஞ்சு மாசம் டைம் குடு மாமான்னு. நல்லாருக்குது இல்ல? ஒரு வாட்டி சொல்லிப் பாத்துடறேன். நீங்க மாமான்னு வெச்சிக்குங்க. பார்சல் இன்னாச்சுடா சிவப்பிரகாசம்னு கேட்டீங்க. ஆங்.

மாமா... தொறமுகத்துல ஸ்ட்ரைக்கு மாமா. கப்பல்லேந்து எறக்கல. இல்ல... எறக்கினாங்க. எறக்கினாங்க மாமா, பழம் இருக்குதுன்னு நாந்தான் எழுதினேன், அம்சா எடுத்துடறேன்னு கூட சொன்னா, நாந்தான் உடல, அத்த மேல ஒரு தப்பும் இல்ல மாமா...

பாருங்க. முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்டயே வரமாட்டேங்குது.

இன்னாங்க, பையத் தூக்கிட்டீங்க? திருத்தணி போறேன்னீங்களே. இது மணவூருங்க, திருத்தணி இன்னும் வரல. ஏங்க... எறங்கிட்டாரே.

அண்ணே, மீசக்கார அண்ணே, கொஞ்சம் இப்பிடி வந்து ஒக்காருங்க. மாமா வேணாம், அது ஆவாது. நீங்க... கோவிச்சிக்காதீங்க, அம்சான்னு வெச்சிக்குங்க.

அம்சா, நீ சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்கணும். உங்க அப்பாகிட்ட உண்மையத்தான் சொல்லப் போறேன். இந்த மாதிரி ஒருத்தனே போதும்னா, வெள்ளிக்கெழம வர்றவன வேணாம்னு சொல்லிடு.

பாத்தீங்களாண்ணே, தடுக்காம வந்துடுச்சி. இப்ப நீங்க பதில் சொல்லணும். சொல்லுங்க.