மூணு லென்ஸும் ஒரு பாலமும்

...மனுவுல என்ன எழுதுறதுன்னு பிறகு பேசுவோம், தாய்மாரே. பேனாவ கொஞ்ச நேரம் மூடி வைங்க. சின்னதா ஒரு கதை இருக்கு, அதச் சொல்லிட்டு உக்காந்துர்றேன். எங்க வீட்டுல நடந்தது.

எம் பேத்தி ஆவுடைச்செல்வி ஆத்தங்கரையில போட்டோ எடுக்கப் படிக்கா. கல்யாணப் போட்டோ இல்ல. ஆறு, மரம், மேகம்... ஆளே இல்லாத போட்டோ. இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு வாத்தியாரு. மூணு லென்ஸ் வச்சிருக்கா. நீளமா ஒண்ணு, தூரத்துல இருக்கறத இழுத்துப் பக்கத்துல காட்டும். குட்டையா ஒண்ணு, எல்லாத்தயும் தள்ளி வச்சு அகலமாக் காட்டும். மூணாவது, நம்ம கண்ணு பாக்குற மாதிரியே காட்டும். அதுல என்ன விசேஷம்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல ஆச்சி"ன்னுட்டா.

எங்க ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல ஆறு. பிள்ளைங்க பையத் தலையில வச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள எறங்கித்தான் போகணும். போன வருசம் ஒரு பிள்ளைய தண்ணி இழுத்துட்டு. துவைக்கிற கல்லப் பிடிச்சுத் தப்பிச்சா. அதுக்குப் பிறகுதான் நடைபாலம் கேட்டு மனு எழுதுனோம். ஆபீசுல போட்டோவும் வைக்கணும்னாங்க. நாங்க ஏன் வெளியில தேடப்போறோம்? எம் பேத்தி இருக்காள்ல.

நீள லென்ஸப் போட்டு எடுத்தா. என்ன ஒரு போட்டோங்கிறீங்க... அக்கரைப் பள்ளிக்கூட போர்டுல எழுத்து தெரியுது. நான் கண்ணாடி இல்லாம வாசிச்சேன். ஊரே இதுதான்னுச்சு. கொண்டு போய்க் குடுத்தோம். ஆபீசர் பாத்தாரு.

"பள்ளிக்கூடம் பக்கத்துலதான இருக்கு?"

"நடுவுல ஆறு இருக்கு சார்."

"எங்க?"

போட்டோவுல பாத்தா, நடுவுல ஆறு ஒரு விரல் அகலத்துல கெடக்கு. "இதத் தாண்டுறதுக்குப் பாலமாம்மா?" போட்டோவத் திருப்பிக் குடுத்துட்டாரு.

எம் பேத்தி சும்மா இருப்பாளா? குட்ட லென்ஸ மாட்டி, பாறையில படுத்துக்கிட்டு எடுத்தா. ஆறு கடலாயிட்டு. பள்ளிக்கூடம் தீப்பெட்டி. எங்களுக்கு ரொம்பத் திருப்தி. ஆபீசர் இந்தத் தடவ நெறைய நேரம் பாத்தாரு.

"இம்புட்டு அகலத்துக்கு நடைபாலம் தாங்காதும்மா. லாரி போற பாலம்தான் போடணும். அது எங்க ஆபீஸ் இல்ல."

மழைக்கு ஒரு மாசந்தான் இருந்துச்சு. ஆறு பெருகுனா பிள்ளைங்க மறுபடி அந்தத் தண்ணியிலதான எறங்கணும்?

மறுநாள் காலையில ஆவுடை மூணாவது லென்ஸ எடுத்துக்கிட்டுப் போனா. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களோட தானும் தண்ணியில எறங்கிட்டா. கேமராவத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, நடு ஆத்துல நின்னு எடுத்துட்டு வந்தா. பக்கத்து வீட்டு மாடத்தி வாங்கிப் பாத்தா.

"ஏட்டி ஆவுடை, இதுக்கா வாத்தியார் வச்சுப் படிச்ச? இத நான் போன்லயே எடுத்திருப்பேனே."

உள்ளதச் சொன்னா, எனக்கும் அது நல்லா இல்ல. மேகம் இல்ல, மரம் இல்ல. நாலு பிள்ளைங்க, தலையில பை, கலங்கல் தண்ணி.

ஆபீசர் கேட்டாரு: "எங்க நின்னும்மா எடுத்த?"

"தண்ணிக்குள்ள சார். இந்த லென்ஸ் எதையும் கிட்ட இழுக்காது. நாமதான் கிட்ட போகணும்."

"எவ்வளவு தண்ணி?"

"எனக்கு இடுப்பளவு. இந்தப் பிள்ளைக்கு நெஞ்சளவு."

அத அப்படியே எழுதிக்கிட்டாரு. அடுத்த வாரம் அளக்குற டேப்போட வந்தாரு. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு எறங்கினாரு. பாதி ஆத்துல நின்னாரு. திரும்பி வந்தாரு. பாலத்துக்கு எழுதிப் போட்டுட்டாரு.

இப்ப மூணு தூண் நிக்குது. நடக்கறதுக்குத் தளம் இன்னும் போடல. பிள்ளைங்க இன்னும் தண்ணியிலதான், தூணப் பிடிச்சுக்கிட்டுப் போகுது. முன்னைக்கு அது தேவல.

இத எதுக்குச் சொல்றேன்? உங்க ஊருக்கு பஸ் சரியா வரலன்னு மனு எழுத உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் முன்ன ஒருத்தி சொல்றா, "பஸ்ஸே வரதில்லன்னு எழுதுங்க, அப்பதான் பஸ் ஆபீஸ்காரன் பயப்படுவான்." இன்னொருத்தி, "கொஞ்சம் லேட்டுன்னு எழுதுவோம், கோவிச்சுக்கிட்டா?" ரெண்டு பேரும் எங்க இருந்து சொல்றீங்க? வீட்டுக்குள்ள உக்காந்து சொல்றீங்க. கூட்டியும் சொல்லலாம், கொறச்சும் சொல்லலாம்... ரெண்டையும் வச்சுத்தான் அவன் நம்மளத் திருப்பி அனுப்புவான்.

பத்து நாளைக்கு அந்த ஸ்டாப்புல போய் நில்லுங்க. எட்டு மணி பஸ் ஒம்பதரைக்கு வந்தா ஒம்பதரைன்னு எழுதுங்க. ஒரு நாள் சரியா வந்துட்டுன்னா அதையும் எழுதுங்க. அழகா இருக்காது. மாடத்தி மாதிரி யாராவது சிரிப்பாங்க.

சிரிச்சுட்டுப் போகட்டும். மனு மாடத்திக்கு இல்ல.