மிளகாய் கோர்க்கும் ஊசி

"நீதான்டி குத்துனது. உன்னைத் தவிர இந்த வீட்டுல யாருக்கு—"

"நான் குத்தல. நான் தொடவே இல்ல, நான்—"

"வாயை மூடு. தம்பி குளிக்கிறது உனக்குப் பொறுக்கல. உங்கப்பா அவனைத் தூக்கினா பொறுக்கல—"

"பொறுக்குது. எனக்குப் பொறுக்குது—"

வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. கத்தியது பக்கத்து வீட்டு வெஸ்கா. அழுதது யானா, வெஸ்காவின் புருஷன் பிளாமெனுக்கு முதல் தாரத்துப் பெண். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து சிவப்பு மிளகாயை ஊசியால் சரமாகக் கோர்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டு பிறந்தால் எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் வேலை. எழுந்து போய், "பிள்ளையை விடு வெஸ்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த மிளகாயை எடுத்தேன்.

சண்டை, பிள்ளைகள் குளிக்கிற காற்றடைத்த தொட்டியைப் பற்றி. அதில் ஓட்டை விழுவது பெரிய சங்கதி இல்லை. அந்த ரப்பர் மாதிரித் தாள் எத்தனை நாள் தாங்கும்? பிளாமென் அதைக் கடையிலிருந்து கொண்டுவந்து, கீழே கூட்டிப் பெருக்காமல், பிளம் மரத்தடியில் விரித்துவிட்டான். முதல் ஓட்டை அப்போது விழுந்தது; காய்ந்த குச்சி ஒன்று மேல் வளையத்தைக் கிழித்தது. விடிவதற்குள் வளையம் தொங்கிப்போய், தண்ணீர் எல்லாம் வெஸ்காவின் தக்காளிப் பாத்திக்குப் போயிருந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியில் ஒரு குட்டிக் கதவு உண்டு. தெருவுக்குப் போகாமலே அண்டை வீட்டுக்குப் போக, வர. வெஸ்கா அதன் வழியே தலையை நீட்டினாள்.

"நெவேனாக்கா, அண்ணன் இருக்காரா? பஸ்சே ஓட்டினவரு, டயர் எல்லாம் ஒட்டியிருப்பாரே."

என் வீட்டுக்காரர் ராங்கெல் இருந்தார். எங்கே போவார்? வண்டி ஓட்டும்போது மயங்கி விழுந்ததிலிருந்து அவருக்கு உரிமம் இல்லை. குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வசந்தம் வந்தது, ஜன்னலைத் திறந்தேன், அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். ரொட்டிக் கடையில் யாராவது கேட்டால், "திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருக்காரு" என்பேன். தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்.

அன்றைக்கு எழுந்தார். ஏன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு பேசினில் சோப்பு நுரை கலக்கி, பஞ்சால் வளையம் முழுக்கத் தடவி, குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நுரை குட்டிக் குட்டியாய்ப் பொங்கியது.

"இங்க பாரு, மூச்சு விடுறான்," என்றார்.

துடைத்து, காயவைத்து, எங்கள் வீட்டு ராக்கியாச் சாராயத்தால் அந்த இடத்தைத் தேய்த்தார்.

"பாதி தொட்டிக்கு, பாதி வைத்தியருக்கு," என்று ஒரு மடக்கு குடித்துக்கொண்டார். வெஸ்கா சிரித்தாள். யானா சிரித்தாள். பழைய காற்று மெத்தையிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி, மூலை இருந்தால் பிய்ந்துவிடும் என்று விளிம்பை மழுக்கி, ஒட்டி, மேலே ஊறுகாய் ஜாடியை வைத்தார். சாயங்காலம் வெஸ்கா குட்டிக் கதவு வழியாக பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா ஒரு தட்டு கொடுத்தாள். எங்கள் ஊரில் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. அடுத்த நாள் அவரே பீச் பழம் பறித்துத் தட்டை நிரப்பி, தலை வாரிக்கொண்டு, கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரு வாரம் தொட்டி நன்றாக இருந்தது. அவர் மறுபடி படுத்துவிட்டார்.

அடுத்த ஓட்டையை நான் போட்டேன்.

மிளகாய் ஊசி நீளமானது, மெல்லியது. வெஸ்கா சந்தைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்து, குத்தி, வந்துவிட்டேன். சத்தம்கூட வரவில்லை. ஒருவருக்கும் கெடுதல் இல்லை. இரண்டு பக்கெட் தண்ணீர் வீணாகும், அவ்வளவுதான். ஒரு மனுஷன் எழுந்து உட்காருவதற்கு இரண்டு பக்கெட் தண்ணீர் அதிகமா? அப்புறம் இன்னொன்று. அப்புறம் அடிப்பக்கம் ஒன்று. அதைக் கண்டுபிடிக்க அவர் பீட்ரூட் சாற்றைத் தொட்டித் தண்ணீரில் மெல்ல விட்டு, அந்தச் சிவப்பு இழை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்தார். பிள்ளைகள் எல்லாம் கூடி நின்று பார்த்தார்கள். நான் பக்கத்தில் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் போன பெண்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ராங்கெல், எங்க வீட்டுக் காத்துப் படகையும் பாரேன்" என்றார்கள்.

வெஸ்கா முதலில் கண்திருஷ்டி என்றாள். காற்றடைக்கும் மூடியில் சிவப்புக் கயிறு கட்டினாள். அதற்கும் கேட்கவில்லை என்றதும் யானாவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பிளாமென் நல்லவன். மகளை அடிக்கவில்லை. அந்தச் சண்டை நடந்த அன்று குட்டிக் கதவில் வந்து நின்றான்.

"அக்கா, நீங்க வேலியோரமேதான் உக்காந்திருக்கீங்க. பொய் சொல்ல மாட்டீங்க. யானா கையில ஊசி கீசி பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். நான்தான் கொடுத்தேன். மதியங்களில் அவள் வந்து என்னோடு மிளகாய் கோர்ப்பாள். காம்பில் குத்தணும், வயிற்றில் குத்தினால் அழுகும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அதனால் நான் பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

அவன் கதவைச் சாத்தப் போனான். "சரிக்கா," என்றான்.

யானாவின் அம்மா இத்தாலியில் வேறு குடும்பமாக இருக்கிறாள். அங்கே இடம் இல்லை. மலைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறதாம், வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்களாம். தம்பி பக்கத்தில் அவளை விட வெஸ்கா மறுத்துவிட்டாள். "இன்னைக்குத் தொட்டிய குத்துறா. நாளைக்கு?"

கிளம்பும்போது யானா என்னிடம் வந்தாள்.

"நெவேனாத்தை, உங்களுக்குத் தெரியும்ல, நான் செய்யலைன்னு?"

"பஸ் போயிடும், போம்மா," என்றேன்.

பயணம் போகிறவர்கள் முன்னால் தண்ணீர் ஊற்றினால் வழி தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓடும் என்பார்கள். வெஸ்கா வெளியே வரவில்லை. யாராவது ஊற்ற வேண்டுமே என்று நானே ஒரு சொம்பு மொண்டு வாசலில் ஊற்றினேன். தொட்டித் தண்ணீர்தான் கைக்குக் கிட்டத்தில் இருந்தது.

அதற்கப்புறம் தொட்டியில் ஓட்டை விழவில்லை. எப்படி விழும்? "பாத்தீங்களாக்கா, பொண்ணு போனதும் கம்முனு நிக்குது," என்றாள் வெஸ்கா. ராங்கெல் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நானும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு மதியம் கதவைத் திறந்துகொண்டு போய்க் குத்தினேன். இப்போது ஓட்டை விழுந்தால் யானா மேல் உள்ள பழி போய்விடும், அதற்காகத்தான், என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டது குத்திய பிறகு.

வெஸ்கா அசரவில்லை. "போறதுக்கு முன்னாடியே குத்தி வெச்சிருக்கா, பாவி. இப்பத்தான் வாய் திறக்குது."

ராங்கெல் பேசினோடு போனார். நுரை தடவினார். பொங்கிய இடத்தை விரலால் மூடிக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தார். ஒட்டவில்லை. பேசினை அங்கேயே வைத்துவிட்டு வந்து, சமையலறை மேஜையில் என் எதிரே உட்கார்ந்தார்.

"முதல்ல குச்சி கிழிச்சது. மத்ததெல்லாம் ஒரே ஊசி," என்றார்.

நான் மிளகாய்க் கூடையைப் பார்த்தேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டாவதுலயே."

"தெரிஞ்சுமா ஒட்டினீங்க?"

"நீ பேசினைத் தூக்கிட்டு என் முன்னாடி நடந்தே. அப்படி நடந்து எத்தனை நாளாச்சு. கெடுக்க மனசு வரல." முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "பிள்ளைய அனுப்பினப்ப, அவங்க வீட்டுச் சண்டைன்னு நெனச்சேன். இன்னைக்கு வெஸ்கா சொல்றா, நெவேனாக்காவே பாத்தாங்களாம்னு."

"நான் ஒண்ணும் சொல்லல. தலையத்தான்—"

"நெவேனா."

எனக்கு முகம் எரிந்தது. மிளகாய் தொட்ட கையால் தொட்டுக்கொண்டதாலாக இருக்கலாம்.

"போய் சொல்லிடு," என்றார். "பள்ளிக்கூடம் இன்னும் திறக்கல. பிளாமென் இன்னைக்கே கிளம்பினாக்கூடக் கூட்டிட்டு வந்துடலாம்."

எழுந்தேன். சமையல் ஏப்ரனைக் கழற்றி மாட்டினேன். தலைமுடியைச் சரிசெய்தேன். இதையெல்லாம் நிதானமாகத்தான் செய்தேன். பின்வாசல் நிலையைப் பிடித்தபோது, குட்டிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெஸ்கா துணி உலர்த்துவது தெரிந்தது. பக்கத்திலேயே பிளாமென். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று உள்ளுக்குள் அடுக்கிப் பார்த்தேன்.

"உங்களுக்காகச் செஞ்சேன்னு சொல்லிடறேன்," என்றேன். "நீங்க படுத்தே கிடந்தீங்க, உங்களைப் பார்க்கப் பொறுக்கல, அதான் புத்தி கெட்டுப் போச்சுன்னு. அவங்களுக்குப் புரியும்."

ராங்கெல் தலை நிமிரவில்லை.

"நான் படுத்திருந்தது எனக்கு அவமானமா இல்ல, நெவேனா. உனக்குத்தான் இருந்துச்சு."