கிழக்குச் சுவரின் ஈரம்

காஷிஃப் மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிக்கொண்டிருந்தான். நான்தான் பின்னாலேயே போய், "ஹெல்மெட்டை விட்டுட்டியேப்பா" என்று எடுத்துக் கொடுத்தேன். அடையாறிலிருந்து மயிலாப்பூர் போக யார் இன்ஸ்பெக்டர் மேடம் ஹெல்மெட் போடுகிறார்கள்? ஆனாலும் மாணவர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்த சுபாவம்.

"அங்கே சைட்டோட மெயின் கேட் பக்கம் போகாதே, மெட்ரோ வேலை. பின்பக்கச் சந்து வழியாப் போயிடு" என்றும் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் வேலை உங்களுக்குப் புரிய வேண்டும். களிமண்ணில் இருக்கும் தண்ணீரை என்.எம்.ஆர். கருவியில் வைத்துப் பார்க்கிறோம். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ.க்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். களிமண் என்பது தாள் தாளாக அடுக்கிய மண். தாள்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்ட தண்ணீரின் சிக்னல் காந்தத்துக்குள் சட்டென்று அடங்கிவிடும். இடுக்குகளில் சும்மா கிடக்கிற தண்ணீர் அடங்க நேரம் எடுக்கும். ஒட்டிய தண்ணீர் என்றால் மண் நிற்கும். சும்மா கிடக்கிற தண்ணீர் அதிகமானால் ஒருநாள் சரியும்.

மயிலாப்பூரில் அடுக்குமாடிக்காகத் தோண்டிய பள்ளத்திலிருந்து மண் அனுப்பியிருந்தார்கள். பள்ளத்தின் கிழக்கு மண்சுவரில் இருப்பது எல்லாம் ஒட்டிய தண்ணீர்தான் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி, அந்தச் சுவருக்கு முட்டுக்கொடுத்திருந்த இரும்பு உத்தரங்களில் பாதியைக் கழற்றிவிட்டார்கள்.

அன்று காலையில் காஷிஃப் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"சார், கோச்சுக்காதீங்க. அந்த மண்ணு வெச்ச டியூபு மூடி சரியா உக்காரல. வார லீவு பூரா ஏசி ரூம்ல காஞ்சிக்கினு இருந்திருக்கு. சும்மா கெடந்த தண்ணி மொத்தமும் பறந்துடுச்சி. ஒட்டிக்கினு இருந்த மிச்சத்தத்தான் நாம அளந்துகீறோம்."

"எப்படிச் சொல்றே?"

"எடை போட்டுப் பாத்தேன் சார். எங்க அக்கா ஆஃப்ரீன் கல்யாணத்துக்காக டயட் இருந்தாளே, அவகூட இவ்ளோ இளைக்கல."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த மூடியைப் போட்டது நான்.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவர் விழுந்துவிடுமே என்ற பயம் இல்லை, மேடம். உத்தரங்களைத் திரும்ப மாட்டிவிட்டால் சுவர் நின்றுவிடும். இவன் வாயைத் திறந்தால் நான் நிற்க முடியாது. விஷயம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"சைட்டுக்கு உடனே போன் போட்ரலாம் சார்."

"நான் பேசறேன்" என்று வராந்தாவுக்குப் போனேன். திரும்பி வந்து, யாரும் போனை எடுக்கவில்லை, கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், ஓடிப் போய் எல்லோரையும் மேலே ஏற்றிவிடு என்றேன். பாதி பேச்சிலேயே அவன் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டான். நல்ல பையன்.

அவன் போனபிறகு கருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யார் நடந்து வந்தாலும் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் அவனிடமிருந்து ஒரு போன் வந்தது. அப்புறம் சுவர் சரிந்த செய்தி வந்தது.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அவன் அம்மா ஜமீலுன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள கடைசியா இன்னா சொன்னான் சார்?" என்று கேட்டார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான் என்றேன். அந்த அம்மாவுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? கெட்டவனாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா?

சைட் இன்ஜினியர் விக்கியை நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். அவர் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று விக்கி போனை எடுத்தார். முதல் ரிங்கிலேயே.

"சார், நானே கூப்ட இருந்தேன். கிழக்கு சுவரு உப்பிக்கினு கீது. ஆளுங்க மொத்தப் பேரையும் மேல ஏத்தி மெயின் கேட்டாண்ட நிக்க வெச்சிட்டேன். உள்ள ஒரு ஈ, காக்கா இல்ல."

நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் காஷிஃபிடம் வந்தேன்.

நடுவில் வந்த அந்தப் போனில் அவன் அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பள்ளத்துக்குள்ளிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான். "சார், கீழ வந்துட்டேன். இங்க ஒருத்தருமே இல்லையே. சுவத்துல வேற இன்னாமோ சத்தம் வருது. பயமா கீது சார், நான் ஏறிடட்டா?"

"கிழக்குச் சுவரை ஒட்டி நன்றாக உள்ளே போய்ப் பார், யாராவது படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்" என்றேன்.

"சரி சார்" என்றான்.