நிலவறைக்குள் போகாதேங்கோ

ஓடுகிறோம். செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது. சைரன் ஏறி இறங்குகிறது. கையில் திராட்சை வெட்டும் கத்தரிக்கோல். அதை எறியக்கூடத் தோன்றவில்லை. கீழே வீதியோரம் கேபிள் புதைக்கக் கிண்டிய குழியில் குண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் விழுந்து, எண்பது வருடம் வெடிக்காமல் கிடந்த குண்டு. பொலிஸ் ஒலிபெருக்கி கத்துகிறது: எல்லோரும் மேட்டு வீதியால் வெளியேறுங்கள்.

"தங்கச்சி, பங்கருக்கை வா! கெதியா!"

செல்வம் அண்ணை. ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து வருடாவருடம் இங்கே அறுவடைக்கு வருகிறவர். பங்கர் என்று அவர் சொன்னது தோட்டத்து வைன் நிலவறையை. அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். என் கால்களும் அங்கேதான் திரும்பின. வன்னியில், எங்கள் யுத்தத்தின் கடைசி மாதங்களில், பங்கருக்குள் குந்தியிருந்த நான் பிழைத்தேன். தண்ணீர் எடுக்க வெளியே போன தம்பி யூட் பிழைக்கவில்லை. ஷெல் கூவிய சத்தம். நிலம் அதிர்ந்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மண்ணுக்குள் போ என்று உடம்பு அன்று படித்துக்கொண்டது.

எங்களுக்கு முன்னால் ஹெல்முட் ஓடுகிறார். இந்தத் தோட்டத்துக்காரர். எண்பத்தேழு வயது. சின்ன வயதில், விமானங்கள் வந்தபோது, அவருடைய தாய் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இதே நிலவறைக்குத்தான். மூன்று பேர். இரண்டு யுத்தம். ஒரே புத்தி.

கதவு திறக்கிறது. உள்ளே விசிறியின் இரைச்சல் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே நான்கு தொட்டிகளில் சிவப்பு வைன் நொதிக்கிறது. அது விடுகிற காஸ் கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தேங்கி ஆளைக் கொல்லும். அதை வெளியே இழுக்கும் விசிறி எட்டு மணிக்கே நின்றுவிட்டது. குழி கிண்டியவர்கள் முதலில் அறுத்தது எங்கள் மின்கம்பியை. ஆயுள் முழுக்க வைன் செய்த மனிதர் அதை மறந்துவிட்டார். பயம் அப்படி.

நிலவறைக்கு இறங்குகிற எல்லோரிடமும் லைட்டர் இருக்கும்; காஸ் தேங்கிய இடத்தில் சுடர் அணைந்துவிடும். தட்டினேன். மூன்றாம் படியில் எரிந்தது. குனிந்து முழங்காலுக்குக் கீழே பிடித்தேன். அணைந்தது.

"அண்ணை, இறங்காதேங்கோ! காஸ்! மேல ஏறுங்கோ!"

அண்ணை நின்றார். ஹெல்முட் நிற்கவில்லை. ஏழாம் படி. "ஹெல்முட், ராவுஸ்!" கத்தினேன். வெளியே வாருங்கள் என்று. இங்கே ஒன்றும் ஆகாது என்று கை காட்டினார். காட்டிய கை விழுந்தது. முழங்கால் மடங்கியது.

மூச்சை அடக்கினேன். இறங்கினேன். கோட்டுக் கழுத்தைப் பிடித்தேன். அண்ணை என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். முதலாளி என்ற மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. மூட்டையைப்போல இழுத்தோம். முற்றத்தில் கிடந்து இருமினார். அந்த இருமலைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மறுநாள் பின்னேரம் குண்டைச் செயலிழக்கச் செய்யும் வரை ஊருக்குள் விடவில்லை. சிவப்பு வைனில் திராட்சைத் தோல் மேலே மிதக்கும். நாளுக்கு மூன்று தரம் அமுக்கி நனைக்கவேண்டும். விட்டால் புளிக்கும். ஹெல்முட்டின் மகள் ஊட்டே கார்ச் சாவியோடு எழும்பினாள். பின்பாதையால் போய் அமுக்கிவிட்டு வருகிறாளாம். நான்கு தலைமுறைத் தோட்டமாம்.

வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஜெர்மன் மறந்துபோனது.

"ஏலாது! என்ரை தம்பி தண்ணிக்குப் போனவன், திரும்பி வரேல்லை! உன்னை விடமாட்டன்!"

அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. என் முகத்தைப் பார்த்தாள். இருந்துவிட்டாள்.

வைன் வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள், அந்த வருட வைனுக்காக மனம் வருந்தவில்லையா என்று. இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். பெரிய தொட்டி ஒன்று, ஆயிரத்து இருநூறு லீட்டர், புளித்து வினாகிரி ஆனது. நானே குழாயைத் திறந்து ஊற்றினேன்.

வன்னியில் இல்லாமல்போனவர்களை எண்ணினேன். அப்பா. அம்மா. யூட். அக்காவின் மூன்று பிள்ளைகள். ஆறு பேர்.

மண்டபத்திலும் எண்ணினேன். ஹெல்முட். ஊட்டே. செல்வம் அண்ணை. நான். திரும்பவும் எண்ணினேன். ஒருவரும் குறையவில்லை.