ரெண்டு மணிக்குத்தான் பன்னு

“எங்க கடையைக் கெடுத்தது நீங்கதான் சார்.”

திண்டிவனம் பஸ்ஸில் பேக்கரிச் சீருடையோடு இருந்த அம்மாள், தன் மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்.

மேனேஜர் லேப்டாப்பை அம்மாள் பக்கம் திருப்பினார். “கிராஃபைப் பாருங்கம்மா. முண்டியம்பாக்கம் கடையில ரெண்டு மணிக்குத்தான் பன்னு விக்குது. அதான் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் திறந்தா போதும்னேன்.”

“ஒரு நாளாவது கடைக்கு வந்தீங்களா? காலையில எதிர்ல இருக்கிற ஆஸ்பத்திரி ஜனம் முட்டும். பன்னைக் குடுத்துக்கினே கம்ப்யூட்டர்ல பில்லு போட முடியுமா? கூட்டம் ஓஞ்சப்புறம், ரெண்டு மணிக்கு மொத்தமா போடுவேன்.”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்தார்.

“ரெண்டு மணி நேர வேலைக்கு எனக்கு எவன் முழு சம்பளம் குடுப்பான்? நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி கேட்டாண்ட வாங்க சார். டீயைக் கையில வச்சிக்கினு நிக்கிற அத்தனை பேர் முன்னாடியும், பன்னு ஏன் ரெண்டு மணிக்குத்தான்னு நீங்களே பதில் சொல்லுங்க!”