போர்டில் ஏறாத பெயர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். காலை ரயில் ஆவடியில் நின்றபோது, பெயிண்ட் டப்பாவோடு ஏறிய போர்டு எழுதுகிறவர் ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். கூட வந்தவர் அம்பத்தூர் மாதா கோயிலில் மணியடித்துப் பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை. பெயிண்டர் சொன்னார்:

"எனக்கு எழுதக் கத்துக்குடுத்ததே அந்த வெள்ளைக்காரப் பாதிரி சாமிதான். அதனாலதான் அவரு பேரை நான் எழுத மாட்டேன்றேன்."

"இன்னா நைனா, தலகீழா பேசறே? புதுப் பள்ளிக்கூடத்துக்கு அவரு பேருதான்னு முடிவாயிடுச்சே."

"பேதி வந்தப்போ நம்ம தெருவுல ஊடு ஊடா பூந்து கஞ்சி ஊத்துனாரு. மணல்ல என் வெரலைப் புடிச்சி 'அ'னா போட்டாரு. இல்லேங்கல."

"அப்புறம் இன்னா?"

"அவங்க ஊருக்குப் போயி பிஷப் ஆனாரு. இப்போ பாசிஸ்டுங்களோட மேடைல நிக்கறாரு. யூதருங்களை ஊட்டைவிட்டுத் தொரத்தறாங்க, அது ஆண்டவர் சித்தம்னு பிரசங்கம் பண்றாரு. பேப்பர்ல நீயும்தானே பாத்தே?"

"அது அவங்க ஊரு அரசியல்பா."

"நம்ம போர்டுல ஏறிட்டா நம்ம ஊரு அரசியல். நாளைக்குப் படிக்கற பசங்க இவரு யாருன்னு கேட்டா, கஞ்சிக் கதைய மட்டும்தானே சொல்லுவே?"

திருமுல்லைவாயில் தாண்டியதும் கோயில்பிள்ளை பெயிண்ட் டப்பாவைத் தொட்டுக் காட்டினார்.

"சரி, இன்னாதான் எழுதுவே?"

"அம்பத்தூர் பள்ளிக்கூடம்."

"இப்போ இருக்கற பங்குசாமி கேட்டா, போர்டுல எடம் பத்தலன்னு சொல்லிடறேன். உனக்கும் கோயில் பெயிண்ட் வேலை போவாது."

பெயிண்டர் சிரித்துவிட்டார்.

"எடம் நெறைய கீது அண்ணாத்தே. பேருதான் வேணாம். நானே வந்து சொல்லிக்கறேன்."