ராசம்மா வெள்ளையடிக்காத சுவர்

தலைமை ஏற்றிருக்கும் வாசுகி அம்மையார் அவர்களே, தம் பட்டறை மாடியை இருபது ஆண்டுகளாக நமக்குத் திறந்துவிட்டிருக்கும் ஜெயபாலன் அவர்களே, தாயைப் பறிகொடுத்த துயரோடு சிகாமட்டிலிருந்து வந்திருக்கும் ஷர்மினி அவர்களே, தம்போய் நாவல் வாசகர் வட்டத்து அன்பர்களே! உங்கள் எல்லாருக்கும் வணக்கம். என் வலப்பக்கம் காலியாகப் போட்டிருக்கும் இந்த நாற்காலிக்கும் வணக்கம்.

சரவணமுத்து வாத்தியார் சுருக்கமாகப் பேசுவார் என்று தலைவர் அறிவித்தார். அதை நம்பாதீர்கள். பதினொரு ஆண்டுகளாக நான் முடிக்காத ஒரு வாக்குவாதத்தை இன்று முடிக்க வந்திருக்கிறேன்.

நம் வட்டத்தைத் தொடங்கியவர், ரயில் நிலையப் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்தவர், நாம் 'வாசகச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தபோது "பட்டமெல்லாம் எதுக்கு, நல்ல நாவலா ஒண்ணு கொடுங்க" என்று சிரித்தவர், சந்திரமதி அம்மையார் மறைந்து பதினாறு நாள்கள் ஆகின்றன. கீழே பட்டறையில் இன்று சுத்தியல் சத்தம் இல்லை. ஜெயபாலன் காலையிலேயே ஆட்களிடம் சொன்னாராம்: "இன்னைக்குத் தட்ட வேணாம்லா. மேல அம்மா கூட்டம்." சத்தம் நின்றதும் இந்த மாடியே வேறு எங்கோ மிதப்பதுபோல் இருக்கிறது. மழைக்கு முந்தைய இந்த மஞ்சள் வெளிச்சத்தில், படியேறி வருகிற செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று நான் மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

ஒவ்வொரு மாதக் கடைசிச் சனிக்கிழமையும் அவர் சிகாமட்டில் ரயிலேறி வருவார். மடியில் புத்தகத்தை விரித்தபடியே தூங்கி, கதைக்குள் பாதியும் வெளியே பாதியுமாக வந்து சேர்வார். வந்ததும் முதல் வேலையாக ஒரு நாற்காலியை எடுத்து நடுவில் போடுவார். அன்றைக்கு எந்தக் கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறோமோ, அவருக்கான நாற்காலி அது. அவரைப் பற்றி நம்மோடு பேசக்கூடாது; அவரிடமே பேச வேண்டும். இதுதான் சந்திரமதி அம்மையார் வைத்த ஒரே விதி.

முதலில் நான் சிரித்தேன். பாத்திரப்படைப்பு, கருப்பொருள், குறியீடு என்று மூன்று தலைப்புப் போட்டு வகுப்பில் முழங்கியவன் அல்லவா நான்! ஆனால் பாசிர் கூடாங் ஆலையில் வேலை முடிந்து நேரே வந்த வசந்தன், ஒரு நாவலில் வரும் மணியம் என்ற கணவனைக் கோழை என்று ஒரே சொல்லில் தள்ளினார். அம்மையார் நாற்காலியைக் காட்டி, "அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, தம்பி" என்றார். வசந்தன் எழுந்தார். நாற்காலியைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "வேலை ரொம்பக் கஷ்டமா, அண்ணே?" நாற்பது ஆண்டுகள் இலக்கியம் கற்பித்த எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதுண்டா? இல்லை.

மணியம் வரும் அந்த நாவல்தான் 'மூன்றாம் வெள்ளம்'. எங்கள் வாக்குவாதமும் அதில்தான். மணியத்தின் மனைவி ராசம்மா ஆற்றோர வீட்டில் வாழ்கிறாள். இரண்டாம் வெள்ளத்தில் மகனைப் பறிகொடுக்கிறாள். மூன்றாம் வெள்ளம் வடிந்ததும் மூன்று சுவர்களுக்கு வெள்ளையடிக்கிறாள். நான்காவது சுவரைச் சேற்றுக்கோட்டோடு அப்படியே விட்டுவிடுகிறாள். ஏன் விட்டாள்?

நான் எழுதிய தேர்வு வழிகாட்டியில் விடை இருக்கிறது: சேற்றுக்கோடு அவளுடைய அழியாத் துயரத்தின் குறியீடு. எத்தனை மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து எழுதினார்கள்! இங்கேயும் நான்கைந்து பேர் தலையசைக்கிறீர்கள். அம்மையார் மட்டும் தலையசைக்கவில்லை.

"துயரம் இருக்கு சார். ஆனா அந்தக் கோட்டுல இல்ல" என்றார்.

வேறு எங்கே இருக்கிறது என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மீதி அடுத்த மாசம், சார். ரயிலுக்கு நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமும் அதே வாக்குவாதம். அதே ரயில். பதினொரு ஆண்டுகள்! ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள், பார்க்கலாம் என்று நான்கு தடவை அழைத்தார். நான்கு தடவையும் எனக்கு வேறு வேலை இருந்தது. உண்மையில் வேலை எதுவும் இல்லை. தோற்றுவிடுவேனோ என்ற பயம்தான்.

அன்பர்களே, அந்த வீட்டுக்கு நான் அவருடைய இறுதிச் சடங்கன்றுதான் முதன்முதலாகப் போனேன். போன வாரம் மறுபடி போனேன். அம்மாவின் புத்தகங்களை வட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி ஷர்மினி சொல்லியிருந்தார். பின்னறையில் சுவரெல்லாம் இளம்பச்சை வண்ணம். கீழ்த்தட்டுப் புத்தகங்களை இறக்கினேன். பலகைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வண்ணம் அடிக்காமல் விட்டிருந்தது. அதில் ஒரு பழுப்புக் கோடு, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஓடியது.

ஷர்மினியிடம் கேட்டேன். "பெயிண்ட் அடிக்க அம்மா விடவே இல்ல அங்கிள். வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு தெரியணும்ல? அதுக்கு மேலதான் புக் வைப்பாங்க."

திரும்பும் ரயிலில் 'மூன்றாம் வெள்ளம்' கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். நான் பலமுறை படித்த பக்கம். பாடப்பகுதியில் சேராததால் நான் ஒருநாளும் நின்று பார்க்காத ஒரு வரி அங்கே இருந்தது. கோட்டுக்கு ஒரு சாண் மேலே ராசம்மா ஆணி அடிக்கிறாள். அதில் அரிசிப் பையை மாட்டுகிறாள். அவ்வளவுதான். அவள் அந்த வீட்டைவிட்டுப் போகப்போவதில்லை! அடுத்த வெள்ளத்திலும் அங்கேதான் சமைக்கப்போகிறாள்! துயரத்தைச் சுவரில் எழுதி வைத்தவள் என்று நான் சொன்ன பெண், பிழைத்திருக்க அளவு குறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வரியை அம்மையார் ஏன் எனக்கு எடுத்துக் காட்டவில்லை? ஒரு விரல் வைத்தால் போதுமே! நானே வந்து சேரட்டும் என்று காத்திருந்தாரா? நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். அரைத்தூக்கத்தில் ரயில் தண்ணீரின்மேல் சத்தமில்லாமல் போனது. எதிர் இருக்கையில் ராசம்மா அரிசிப் பையோடும், அம்மையார் புத்தகத்தோடும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. கண் விழித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். வழிகாட்டியின் அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதுவேன். தவறு என்னுடையது என்றும் அச்சில் சொல்வேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை இந்த மாடி திறந்திருக்கும். நடுவில் நாற்காலி இருக்கும். யாரையும் ஒரே சொல்லில் தள்ளிவிட மாட்டோம்.

அவர் வைத்த விதியை நான் இவ்வளவு நேரம் மீறிவிட்டேன். அவரைப் பற்றி உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். மன்னியுங்கள், கொஞ்சம் திரும்பிக்கொள்கிறேன்.

சந்திரமதி, நீங்க சொன்னதுதான் சரி. துயரம் அந்தக் கோட்டுல இல்ல. கூப்பிட்டப்ப நான் வந்திருக்கணும். இப்ப மீதியைப் பேசலாம், உட்காருங்க. இன்னைக்கு ரயிலுக்கு நேரம் பார்க்க வேண்டாம்.